நெஞ்சறிய ஒரு கணக்கு: புனேவுக்கு வரும் பிள்ளைகளுக்கு

படிக்கவும் முதல் வேலையில் சேரவும் தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருக்கிறார்கள். வந்ததும் ராஸ்தா பேட்டிலோ கட்கியிலோ இருக்கும் எங்களைப் போன்ற பழைய தமிழ்க் குடும்பங்களை விசாரித்துக்கொண்டு வருவார்கள். வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும், எந்த மெஸ்ஸில் சாம்பார் சாதம் போடுவார்கள், ஹிஞ்சவாடிக்கு எந்தப் பஸ் என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வோம். நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது, தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது. இந்த இரண்டும் வேறு வேறு பாடமல்ல என்பது என் முடிவு. தன்னிடம் உண்மை பேசாதவனுக்கு நேரம் எங்கே போகிறது என்பதே தெரியாது. இந்த ஊரில் வாழ்ந்துபோன சிலரை வைத்தே சொல்கிறேன். ஊர் சுற்றும்போது அவர்கள் இருந்த இடங்களை நீங்களும் பார்க்கலாம்.

1. எத்தனை வருஷம் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை.

காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே 1866 மே 9இல் பிறந்து 1915 பிப்ரவரி 19இல் இதே ஊரில் இறந்தார். ஐம்பதைக்கூடப் பார்க்கவில்லை. காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் ஆகா கான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்ட ஆறாம் நாள், 1942 ஆகஸ்ட் 15இல், மாரடைப்பில் போனார். அவருக்கு வயது 50. ஆனால் பெண்கள் பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ் கார்வே 1858இல் பிறந்து 1962 வரை, 104 வயது வரை இருந்தார். ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே காலம். கோகலேயும் கார்வேயும் ஃபெர்குஸன் கல்லூரியில் ஒன்றாகப் பாடம் நடத்தியவர்கள். இவருக்கு 48, அவருக்கு 104 என்று அன்று அந்த ஆசிரியர் அறையில் யாருக்குத் தெரியும்? உங்களுக்கு எது என்பதும் தெரியாது. 48 என்று வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். 104 என்று வைத்துக்கொண்டு உடம்பைப் பேணுங்கள்.

2. நாள் போன விதத்தை இரவில் எழுதுங்கள். போக வேண்டிய விதத்தைக் காலையில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள்.

அட்டவணை போடுவதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கலர் பேனா, கட்டம், காலை ஐந்து மணிக்கு எழுந்திருத்தல், எல்லாம் இருக்கும். அன்று இரவு அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் உண்மையில் நடந்ததை எழுதச் சொன்னால் கை தயங்கும். தயங்கும் இடத்தில்தான் வேலை இருக்கிறது. "ஒன்பது முதல் பதினொன்று: படிப்பு" என்று எழுதியிருந்தால், அதில் போன் எடுத்த நேரம் எவ்வளவு என்றும் எழுதுங்கள். வாகட் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றதை "ஆபீஸ் வேலை" என்று போடாதீர்கள். நெரிசல் என்றே போடுங்கள். ஒரு மாதம் இப்படி எழுதிப் பார்த்த பிள்ளைகள் சிலர் ஹிஞ்சவாடிக்குப் பக்கத்திலேயே அறை மாற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். வாடகை கூடியது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் திரும்பி வந்தது.

எரவாடா சிறையில் 1922 முதல் 1924 வரை இருந்தபோது காந்தி தன் பகலைப் படிப்புக்கு இவ்வளவு, பஞ்சு கொட்டவும் நூற்கவும் இவ்வளவு என்று பிரித்து வைத்திருந்தார். மகாபாரதம் படித்தார், கிப்பன் எழுதிய ரோமாபுரி வரலாற்றைப் படித்தார். ஆறாண்டு தண்டனை என்று நம்பிப் போட்ட திட்டம் அது. 1924 ஜனவரியில் குடல்வால் நோய் வந்து, இந்த ஊர் சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்து, பிப்ரவரியில் விடுதலையும் வந்துவிட்டது. திட்டம் பாதியில் நின்றது. ஆனால் நின்ற பாதி எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன படித்தேன், எது மீதி என்று வெளியே வந்ததும் அவரால் எழுத முடிந்தது.

3. உறுதியில்லாததற்கு அடியில் நெளிகோடு போடுங்கள்.

பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 1917இல் தொடங்கியது. மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு அங்கேதான் 1919இல் ஆரம்பித்து 1966இல் முடிந்தது. நாடெங்கும் இருந்த ஏடுகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். நம் பக்கத்துக் கிரந்த ஏடுகளும் அதில் உண்டு. தஞ்சை சரஸ்வதி மகாலில் உட்கார்ந்தும் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பதிப்பில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே சுலோகம். கீழே பொடி எழுத்தில் எந்த ஏட்டில் என்ன பாடம் என்ற பட்டியல். சுலோகத்திலேயே சில சொற்களுக்கு அடியில் மட்டும் ஒரு நெளிகோடு ஓடும். "இந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறோம், ஆனால் இதில் எங்களுக்கு முழு உறுதி இல்லை" என்பதற்கு அடையாளம் அது. 1925 முதல் பொதுப் பதிப்பாசிரியராக இருந்த வி. எஸ். சுக்தங்கர் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டிருந்தால், படிக்கிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இருந்தும் போட்டார். உலகத்தில் வேறு யாரையும்விட அந்த நூலை அறிந்த ஒருவர், அறியாத இடம் இது என்று நூலுக்குள்ளேயே கோடு கிழித்து வைத்தார்.

இரவுக் குறிப்பில் நீங்களும் இதைச் செய்யலாம். "மேனேஜர் என்மேல் பொறாமைப்படுகிறார்" என்று எழுதுவீர்கள். உறுதியாகத் தெரியுமா? தெரியாதென்றால் அடியில் நெளிகோடு. "நான் நன்றாகத்தான் எழுதினேன், திருத்தியவர் சரியில்லை." நெளிகோடு. "அவள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை." இதற்கும் நெளிகோடு. மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், நம் கோபத்தில் எத்தனை பங்கு இந்தக் கோட்டின்மேல் நிற்கிறது என்று தெரியும். அந்தக் கோபங்களுக்குச் செலவான மணி நேரமும் தெரியும்.

சுக்தங்கர் 1943 ஜனவரியில் மறைந்தார். வேலை முடிய இன்னும் 23 ஆண்டு இருந்தது. பிறர் எடுத்து முடிக்க முடிந்ததற்கு, எது உறுதி, எது உறுதியில்லை என்று அவர் பிரித்து வைத்துவிட்டுப் போனதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

4. தவறென்று தெரிந்தால் அன்றே, நிபந்தனை இல்லாமல், சொன்ன இடத்திலேயே திருத்துங்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1897இல் புனேயில் பிளேக் நோய் கடுமையாகப் பரவியது. டபிள்யூ. சி. ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சோல்ஜர்கள் வீடு வீடாகச் சோதனைக்குப் புகுந்தார்கள். அடுப்படி, பூஜை அறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இதே பிளேக்கில்தான், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்ரிபாய் புலே மார்ச் 10ஆம் தேதி உயிர்விட்டார்.

கோகலே அப்போது இங்கிலாந்தில் இருந்தார். இந்தியச் செலவினம் பற்றி விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்லப் போயிருந்தார். போனபோது வயது 31கூட நிரம்பவில்லை. புனே நண்பர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அதில், சோல்ஜர்கள் பெண்களைக் கெடுத்ததாகவும் அதனால் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் இருந்தது. எழுதியவர்கள் நம்பிக்கையானவர்கள். கோகலே அதை அங்கே பத்திரிகையில் வெளியிட்டார். பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரை பேச்சானது. இதற்கிடையில் ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். ஊர் போலீஸ் கெடுபிடிக்குள் போயிற்று.

ஜூலைக் கடைசியில் கோகலே பம்பாய் வந்து இறங்கி ஆதாரம் தேடினார். கடிதம் எழுதிய எவரும் முன்வந்து நிற்கவில்லை. அவர்களின் பெயர்களை அவர் வெளியிடவும் இல்லை. தன் கையில் நிரூபணம் இல்லை என்பது தெளிவானதும், ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே நிபந்தனையில்லாத மன்னிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

கோழை, ஊரைக் காட்டிக்கொடுத்தவர் என்றெல்லாம் பேசினார்கள். அந்த ஆண்டு அமராவதி காங்கிரஸில் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. அளவுக்கு மீறித் தாழ்ந்துபோனார் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சோதனையில் கொடுமை நடந்தது உண்மைதானே, ஏன் அத்தனை முழுசாக மன்னிப்புக் கேட்டார் என்பது நியாயமான கேள்வி. என் கருத்து இது: நடந்த கொடுமை வேறு, தான் அச்சில் சொன்ன குறிப்பிட்ட குற்றச்சாட்டு வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தபின், முதலாவதைக் காட்டி அதை மூடிக்கொள்ள அவர் முயலவில்லை. நாம் அன்றாடம் செய்வது அந்த மூடல்தான். "நான் சொன்னது தப்பாக இருக்கலாம், ஆனால் அவர்கள் மட்டும் என்ன யோக்கியமா?" இந்த "ஆனால்" வந்துவிட்டால் மன்னிப்பு அங்கேயே செத்துப்போகிறது.

5. வருந்துவதற்கும் அளவு உண்டு.

அந்த மன்னிப்புக்குப் பிறகு கோகலே அறைக்குள் முடங்கவில்லை. பிளேக் நிவாரண வேலையில் தொண்டராக இறங்கினார். எட்டு ஆண்டு கழித்து, 1905இல், அதே காங்கிரஸ் காசி மாநாட்டுக்கு அவரைத் தலைவராக்கியது. பிழையை இரவெல்லாம் நினைத்துப் புரளுவது சுயபரிசோதனை அல்ல. அதுவும் நேரத்தைத் தின்னும். என்ன பிழை, யாருக்கு நஷ்டம், நாளை என்ன செய்வேன். மூன்று வரி எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.

6. உடம்புக்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

கோகலேயை இத்தனை மதிக்கிற நான், இந்த ஒரு விஷயத்தில் அவர் வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். 1901 காங்கிரஸ் முடிந்ததும் காந்தி கல்கத்தாவில் ஏறத்தாழ ஒரு மாதம் அவருடன் தங்கினார். கோகலே ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்குவதில்லை, பேச்செல்லாம் பொதுக் காரியம் பற்றியே இருந்தது என்று தன் சுயசரிதையில் வியந்து எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கோகலே நடைக்குக்கூடப் போவதில்லை என்பதைக் கண்டு அவரிடமே கேட்டாராம். நடக்க நேரம் எங்கே இருக்கிறது என்பதே பதில். காந்திக்கு அது திருப்தியாக இல்லை. மரியாதையால் வாதாடாமல் இருந்துவிட்டார். ஆனால் சாப்பாட்டுக்கு ஒதுக்குவதுபோல உடற்பயிற்சிக்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், அதனால் வேலை கூடுமே தவிரக் குறையாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கோகலேக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்சுலின் வராத காலம். நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் 48 வயதில் அவர் போனது நாட்டுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கல்கத்தா உரையாடல் எனக்கு நினைவுக்கு வரும். புனேயில் டேக்டிகளுக்குக் குறைவில்லை. இங்கே குன்றுக்கு டேக்டி என்று பேர். ஃபெர்குஸன் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குன்றில்தான் 1905 ஜூன் 12 காலையில் கோகலே மூன்று பேருக்கு உறுதிமொழி செய்துவைத்து இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். விடியற்காலை அங்கே ஏறுங்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

7. முதல் ஆண்டு கேளுங்கள். கருத்து பிறகு சொல்லலாம்.

1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியிடம் கோகலே வாங்கிய வாக்கு இதுதான்: ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார், பொதுப் பிரச்சினைகளில் கருத்துச் சொல்லாதே. அப்போது காந்திக்கு 45 வயது. பெரிய போராட்டம் நடத்தி, உலகத்துக்கே தெரிந்தவராகத் திரும்பியிருந்தார். கேட்டுக்கொண்டார். மூன்றாம் வகுப்பு ரயிலில் சுற்றினார். நம் மாயவரம், தரங்கம்பாடி வரை வந்து போனார். வாக்கு வாங்கியவர் அடுத்த மாதமே இறந்துவிட்டார். வாக்கு நின்றது.

உங்களுக்கு 22 வயது. வந்த மூன்றாம் வாரம் "இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்" என்று போனில் அம்மாவிடம் தீர்ப்புச் சொல்கிறீர்கள். மராத்தி கற்றுக்கொள்ளுங்கள், முதலில் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்காவது. பழைய பேட்டுகளில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடுவதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இது என் நேரம் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த கடைக்காரர்கள் அவர்கள்.

8. முகத்துக்கு நேரே சொல்லும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

குறளில் குற்றங்கடிதல் 44ஆம் அதிகாரம். பெரியாரைத் துணைக்கோடல் 45. அடுத்தடுத்து இருப்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை. தன் குற்றத்தைத் தானே பார்க்கும் கண்ணுக்கும் ஓரளவுக்குமேல் எட்டாது.

வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். மதிப்பான வேலை. அதை விட்டுவிட்டு 1907இல் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலேக்குப் பின் அதன் தலைவரானவர் இந்தத் தமிழர்தான். காந்தி அந்தச் சங்கத்தில் சேர விரும்பியபோது, அவர் வழி வேறு, சங்கத்தின் வழி வேறு என்று தயங்கியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். மனதில் வைத்துக்கொண்டு வெளியே புன்னகைக்கவில்லை, பேசினார்கள். உறுப்பினர்கள் இரண்டுபட்டு நிற்பதைக் கண்ட காந்தி தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். நட்பு கெடவில்லை. அரசியலில் கடைசிவரை மாறுபட்ட இருவரும் ஒருவருக்கொருவர் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதிக்கொண்டார்கள். 1946இல் சாஸ்திரியார் சென்னையில் மரணப் படுக்கையில் இருந்தபோது காந்தி தேடிப்போய்ப் பார்த்தார்.

"சூப்பர்" என்று சொல்லும் நண்பர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள். "இது சரியில்லைடா" என்று சொல்ல ஒருவர் போதும். அவர் சொல்லும்போது பதில் தேடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. தாமதமாகிவிட்டது என்று இருபத்தைந்து வயதில் பேசாதீர்கள்.

கார்வே பதினேழு பதினெட்டு வயதில் கொங்கணத்து முருட் கிராமத்திலிருந்து மலை வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து சாத்தாராவுக்குப் பரீட்சை எழுதப் போனார். பார்க்கச் சின்னப் பையனாக இருக்கிறாய் என்று பரீட்சை எழுதவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு படித்து, பேராசிரியராகி, 1896இல் விதவைப் பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். இல்லம் ஊருக்கு வெளியே ஹிங்ணேவுக்குப் போனபின், கல்லூரி முடிந்ததும் சாமான்களைச் சுமந்துகொண்டு தினமும் நடந்தே போய்வந்த காலம் உண்டு. 1915இல் தன் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்தார். வயது 57. சாதாரணமாக மனிதர்கள் கதை எழுதிவிட்டு ஓய்ந்துபோகும் வயது. ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகம் பற்றிய சிறு புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. 1916இல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்.

10. எழுதியதை யாருக்கும் காட்டாதீர்கள்.

காட்டப்போகிறோம் என்ற எண்ணம் வந்த நிமிஷமே பேனா அலங்காரம் பண்ண ஆரம்பிக்கும். பதிவு போட்டு லைக் வாங்குவதற்கு எழுதிய சுயவிமர்சனம் விளம்பரம்தான். சாதாரண நாற்பது பக்க நோட்டுப் போதும். பெட்டிக்குள் வையுங்கள்.

சனி, ஞாயிறில் ஒரு நாள் நகர் சாலையில் ஆகா கான் மாளிகைக்குப் போங்கள். பின்புறத் தோட்டத்தில் இரண்டு சமாதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 1944 பிப்ரவரி 22இல் அங்கே காவலிலேயே இறந்த கஸ்தூர்பாவுடையது. மற்றொன்று மகாதேவ் தேசாயுடையது. 1917இல் காந்தியிடம் சேர்ந்ததிலிருந்து சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர் அவர். பல தொகுதிகளாக அச்சாகி இருக்கிறது. அதில் தன்னைப் பற்றிய பெருமை தேடினாலும் அதிகம் அகப்படாது. கொஞ்ச நேரம் அங்கே நில்லுங்கள். திரும்பும் வழியில் ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று இரவு தூங்குமுன், எழுந்ததிலிருந்து நடந்ததை மணி வாரியாக எழுதிப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ளிவிடாதீர்கள், பிள்ளைகளே. இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.